நௌபர் பார்க்காத திரை

"ம்... சொல்லுங்க" என்கிறார் நௌபர். வலது கை விசைப்பலகையின் எண்களில் இருக்கிறது, இடது கை மேல் வரிசையில் இருக்கிறது. முகம் மட்டும் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் யன்னலுக்கு வெளியே, உட்துறைமுகத்துத் தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. கவுண்டருக்கு அப்பால் நிற்கும் படகுக்காரர் கையிலிருக்கும் துண்டைப் பார்த்துப் பதினொரு எண்களையும் வாசிக்கிறார். கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்குவதற்குள் அச்சுப்பொறி கறகறவென்று தொடங்கிவிடுகிறது. நௌபர் சீட்டைக் கிழித்து வலப்பக்கமாக நீட்டுகிறார். அங்கே சாமான் எடுத்துத் தரும் கோணாமலையின் கை தயாராக இருக்கிறது. இவ்வளவுக்கும் நௌபர் ஒரு தடவைகூடத் திரையைப் பார்க்கவில்லை.

கயிறு, வலை, மிதவை, எஞ்சின் உதிரிப்பாகம் என்று படகுகளுக்கும் சிறு கப்பல்களுக்கும் வேண்டியதையெல்லாம் வழங்கும் கம்பனி ஒன்றின் திருகோணமலைக் கிளை இது. தலைமைக் காரியாலயம் கொழும்பில் இருக்கிறது. இங்குள்ள களஞ்சியத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் சாமான்கள், ஒவ்வொன்றுக்கும் பதினொரு எண்ணில் ஓர் இலக்கம். அவற்றில் பெரும்பகுதி களஞ்சிய எழுதுவினைஞர் நௌபருக்கு மனப்பாடம். எந்த இலக்கம் எந்தத் தட்டில் எத்தனையாவது பெட்டி என்பதும் மனப்பாடம். பல வருடங்களாக அந்தத் தட்டுகளுக்கு நடுவே சாமான் தூக்கித் திரியும் கோணாமலையே சில நாட்களில் வழி தவறிவிட்டு, "தம்பி, அந்த வோட்டர் பம்ப் றிங்கை எங்கை வைச்சனாங்கள்?" என்று உள்ளிருந்து குரல் கொடுப்பார். "நாலாவது றாக்கு, கீழ்த்தட்டு, இடப்பக்கம், அண்ணன்" என்று பதில் போகும். முகம் அப்போதும் யன்னல் பக்கம்தான்.

நாற்பத்தொன்பது வயது. மூதூரிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறார். ஒரு காலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தவர். முதுகு நோவு என்று சொல்லி அதை விற்றுவிட்டார். எழுதுவினைஞராக இருந்தும் சட்டைப் பையில் பேனை இருக்காது. பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார், காதைப் பார்ப்பார். "என்ன நானா, என்ட காதில கடுக்கனா தேடுறியள்?" என்று, அண்ணன் முறையில் நானா என்றே அவரைக் கூப்பிடும் சல்லி ஊர் மீனவர்கள் கேலி பண்ணுவார்கள். அவருடைய விசைப்பலகையில் எஃப் நான்கு என்ற விசையின்மேல் ஒரு சொட்டுப் பசை காய்ந்து மேடாகி நிற்கிறது. பசைப் போத்தல் கவிழ்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய பலகையில் அந்தப் பசை வேண்டிய ஒரே விசைமேல் மட்டும் பார்த்துக் கவிழ்ந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

நௌபருக்கென்று ஒரு சட்டம் உண்டு. சீட்டை நீட்டினால் வாங்கமாட்டார். "வாயால சொல்லுங்க. கடுதாசிய நீட்டாதீங்க." பல படகுகளுக்கு முதலாளியான கோபக்காரச் சம்மாட்டியாக இருந்தாலும் சரி, கடற்படை முகாமிலிருந்து வந்த அதிகாரியாக இருந்தாலும் சரி, இலக்கத்தை உரக்க வாசித்துத்தான் சாமான் வாங்க வேண்டும். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு, வாசிக்கும்போதே தங்கள் பிழை தங்களுக்குத் தெரிகிறது என்பதைக் கண்டுகொண்டார்கள். மாறிப்போன சாமான் திரும்பி வருவது குறைந்தது. கொழும்பிலிருந்து பாராட்டிக் கடிதம்கூட வந்தது. இந்த முறையை மற்றக் கிளைகளும் பின்பற்றலாம் என்று அதில் இருந்ததாம். இருந்ததாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நௌபரும் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அவரால் வாசிக்க முடியாது. ஐந்து வருடங்களுக்கு முன்பு கண்ணின் நடுவே ஒரு புகை தொடங்கியது. இப்போது எதை நேராகப் பார்த்தாலும் அது புகைக்குள் போய்விடுகிறது. ஓரங்கள் மட்டும் தெரியும். கதிரையில் இடறாமல் நடப்பார், பஸ்ஸில் ஏறுவார், ஆள் நிற்பது தெரியும். முகம் தெரியாது, எழுத்துத் தெரியாது. மருந்து இல்லை, ஓரம் எஞ்சும் என்று டொக்டர் சொன்னார். காதைப் பார்ப்பதாக நாம் நினைக்கும்போது அவர் உண்மையில் ஓரத்தால் நம் முகத்தைப் பிடிக்கப் பார்க்கிறார். வீட்டில் மனைவி இன்ஷிராவுக்கு மட்டும்தான் இது தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

ஏன் மறைத்தார் என்று கேட்பது சுலபம். வேறொரு கிளையில் காது மந்தமான ஒரு களஞ்சியக்காரருக்கு ஒரு வெள்ளிக்கிழமை கழுத்தில் மாலை போட்டார்கள், பேசினார்கள், கேக் வெட்டினார்கள், திங்கட்கிழமை அவருடைய கதிரையில் வேறோர் ஆள் இருந்தார். அந்த மாலைக்குத்தான் நௌபர் பயந்தார். வேலை போனால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம் பாதி. காலை எட்டரைக்கு அந்த மேசைக்குப் போகாவிட்டால் தான் யார் என்ற பயம் மீதி.

அவரைக் காப்பாற்றியது பழைய மென்பொருள். பதினான்கு வருடங்களுக்கு முன்பு அந்த ஒரே கணினியில் நிறுவியது. சாம்பல் நிறப் பெட்டிகள், அழகு என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் எதுவும் இடம் மாறாது. எஃப் நான்கு, கீழம்பு மூன்று, என்டர், இலக்கம், எண்ணிக்கை, என்டர், என்டர். கண் நன்றாக இருந்த ஒன்பது வருடங்களில் விரல்கள் படித்ததை, கண் போன பிறகும் விரல்கள் மறக்கவில்லை. "மெனேஜர் மாறுவார், வீதி மாறும், இது மாறாது" என்று கணினியின் தலையில் தட்டுவார். கேட்டவர்கள் பழசில் பிடிவாதமுள்ள மனுசன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. வாசித்தது பஸ்மியா. அடுத்த மேசையில் இருந்து வாயிற்கதவு அனுமதிச் சீட்டுகளைக் கவனிக்கும் பஸ்மியாவுக்கு எதையும் சத்தமாக வாசிக்கும் பழக்கம். கடிதம் வந்தாலும் வாசிப்பார், சுவரில் அறிவித்தல் ஒட்டினாலும் வாசிப்பார். கடிதத்தின் சாரம் இது: மென்பொருளைத் தயாரித்தவர்கள் இப்போது இரண்டு வழி தருகிறார்கள். இன்றுபோல் கணினியில் நிறுவி வைத்துக்கொள்ளலாம், அல்லது இணையத்தில் உலாவி வழியாகத் திறக்கலாம். ஒரு கிளைக்கு ஒரு வழிதான். இணைய நிலைமை ஊருக்கு ஊர் வேறு என்பதால், ஒவ்வொரு கிளையிலும் மென்பொருளை அதிகம் பாவிப்பவர் மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், இரண்டையும் பாவித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். அதன்பிறகு மூன்று வருடத்துக்கு மாற்றமில்லை.

"அதிகம் பாவிக்கிற ஆள் நீங்கதான் நானா" என்றார் பஸ்மியா.

"நான் இன்டைக்கே கையெழுத்து வெப்பன். பழசுதான்."

"அப்பிடி ஏலாது. ரெண்டுலயும் நூறு நூறு சீட்டுப் போட்டுக் காட்டணுமாம்."

அலுவலகத்தில் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. இணையவழிக்கு எல்லோரும் வைத்த பெயர் 'வெப்'. வீட்டிலிருந்தே போனில் இருப்புப் பார்க்கலாம் என்று முகாமையாளருக்கு வெப்தான் வேண்டும். கம்பனியின் மூதூர் விற்பனைக் கடையும் குச்சவெளிக் கடையும் அதையேதான் கேட்டன. "பெல்ட் இருக்கா, பில்டர் இருக்கா" என்று ஒவ்வொரு நாளும் நௌபருக்குப் போன் எடுத்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. நௌபர் மட்டும் தனியாக நின்றார். நிற்பதென்று முடிவெடுத்தால் அவர் அரைகுறையாக நிற்பதில்லை. வெப்பின் குற்றங்களை ஒன்றொன்றாகப் பிடித்துப் பஸ்மியாவிடம் சொல்லி எழுதுவித்தார். திங்கள் பத்து மணிக்கு லைன் போனது, இருபது நிமிடம் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். புதன் மழை, மூன்று தடவை போனது. ஒரு சீட்டுக்குப் பழையதில் ஒன்பது நொடி, வெப்பில் முப்பத்தொரு நொடி. முதல் கிழமை முடிய ஒரு கொப்பியில் பாதி நிரம்பிவிட்டது. வக்கீலாகப் போயிருந்தால் நன்றாக வந்திருப்பார்.

ஆனால் நூறு சீட்டுப் போட்டாக வேண்டும். முதல் நாள் சுட்டியைப் பிடித்தபோது திரையில் அம்பு எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "அம்ப எங்கதான் ஒளிச்சு வெச்சிரிக்கானுகளோ" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முதுகு வியர்த்திருந்தது. சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு அவர் தன் பழைய வழிக்கே போனார். தாவல் விசையை அழுத்தினால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகலாம். எத்தனை அழுத்தத்தில் எது வருகிறது என்று எண்ணினார். எண்ணிக்கைப் பெட்டியிலிருந்து இரண்டு அழுத்தம், லொறி நேரம். அதில் கீழம்பை ஒரு தடவை அழுத்தினால் காலை மதியமாகும், இரண்டு தடவை அழுத்தினால் மாலையாகும். பஸ்ஸில் வரும்போது முழங்காலில் விரலைத் தட்டித் தட்டிப் பாடமாக்கினார். இரண்டாம் கிழமைத் தொடக்கத்தில் யன்னலைப் பார்த்துக்கொண்டே வெப்பிலும் சீட்டுப் போட்டார். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தனக்குப் பிடிக்காத ஒன்றையும் இவ்வளவு சுத்தமாகப் பழகிவிட்டோமே என்று அவருக்குள்ளும் கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தப் பெருமை செவ்வாய்க்கிழமை காலை குச்சவெளிக்கு லொறியில் ஏறிப் போனது.

பதினொரு மணிக்குப் போன் வந்தது. குச்சவெளிக் கடையிலிருந்து டிலக்சன். "நானா, நான் நாப்பது மீற்றர் கயிறு கேட்டனான். பின்னேர லொறியில போடச் சொன்னனான். நீங்கள் காலமையே நாப்பது சுருள் அனுப்பியிருக்கிறியள். கடைக்குள்ள கயிறு இருக்கு, நான் வெளியில நிக்கிறன்."

சிரிக்கத்தக்க விடயம்தான். ஆனால் களஞ்சியத்திலிருந்த அந்தத் தடிப்புக் கயிறு முழுவதும் அதுதான். அன்று காலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில், பல நாள் கடலில் தங்கும் இரண்டு பலநாட்கலங்கள் ஐஸ் ஏற்றிவிட்டுக் கயிற்றுக்காகக் காத்து நின்றன. லொறி திரும்பி வரும்வரை ஐஸ் கரைந்துகொண்டிருக்க, இரண்டு படகின் ஆட்களும் அரை நாள் கரையிலேயே குந்தியிருந்தார்கள். நௌபரைப் போட்டு வதைத்தது அதுவும் அல்ல. நாற்பது சுருளையும் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஏற்றிய கோணாமலை வந்து சொன்னதுதான் வதைத்தது.

"எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது தம்பி. சின்னக் கடைக்கு நாப்பது சுருளோ எண்டு. ஆனா உங்கட சீட்டெண்டா நான் கேள்வி கேக்கிறேல்ல."

நௌபருக்கு வெட்கமாக இருந்தது. பிழை விட்டதற்கு அல்ல. பிழை எங்கே நடந்ததென்று தெரியாமல் இருந்ததற்கு. இரண்டு அழுத்தம், இரண்டு கீழம்பு. அவர் சரியாகத்தான் செய்திருந்தார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். திரைக்கு மிகக் கிட்டப் போய், தலையைச் சரித்து, ஓரத்தால் பிடிக்கப் பார்த்தார். அப்படி இருந்தபோதுதான் பஸ்மியா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"நானா, எண்ணிக்கைக்கும் அலகுக்கும் இடையில புதுசா ஒரு கேள்விக்குறி வந்திரிக்கு. உதவி வேணுமெண்டா அமத்தச் சொல்லி. நேத்து அது இல்ல. அதுல ஒரு அமத்தல் போயிட்டு. நீங்க லொறி நேரமெண்டு நினைச்சு அலகுல நிண்டிரிக்கீங்க. மீற்றர், கிலோ, சுருள். ரெண்டு கீழ."

நௌபர் தலையை நிமிர்த்தாமலே, "எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசம். பெருநாளைக்குப் புது அபாயா போட்டு வந்த நாள், என்ட முகத்த நேராப் பாத்து 'யாரு வேணும்?' எண்டு கேட்டீங்களே, அண்டையில இருந்து."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்லல்லியே."

"அப்ப இந்தக் கடிதம், அறிவித்தல் எல்லாம்..."

"பின்ன? எனக்கென்ன வானொலியில செய்தி வாசிக்கிற வேலையா?" என்றார் பஸ்மியா. நௌபருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. புகைக்குள் இருந்தாலும் அந்தக் கண்ணுக்கு அழத் தெரிந்திருந்தது.

"சரி. பழசுலயே நிப்பம். அதுல கேள்விக்குறி முளைக்காது" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"முளைக்காது. ஆனா நானா, போன வருசம் அறுநூறு சாமான் புதுசா வந்த. அதுல எத்தின இலக்கம் உங்களுக்குத் தெரியும்?"

நௌபருக்குக் கண் தெரிந்த காலத்தில் வந்ததெல்லாம் விரலில் இருந்தது. அதன்பிறகு வந்தவற்றுக்கு அவர் பஸ்மியாவின் வாயையும் கோணாமலையின் காலையும் நம்பிச் சமாளித்துக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று வருடத்தில் களஞ்சியத்தில் பாதி புதுச் சாமானாக இருக்கும். மாறாமல் நின்று அவரைக் காத்த அதே மென்பொருள், அவரையும் மாறவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அன்று மூதூர் போகும்வரை பஸ்ஸில் அவர் முழங்காலில் எதையும் தட்டவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமலே அவர் கேட்டார். "பஸ்மியா, என்ட போன் மெசேச் எல்லாம் வாசிச்சுச் சொல்லுது. அதுமாதிரி கொம்பியூட்டருக்கும் ஒரு குரல் இரிக்குதாம். எடுத்துப் போட ஏலுமா?"

போட்டார்கள். காசு கேட்காத மென்பொருள்தான், இறங்கப் பத்து நிமிடம் எடுத்தது. முதலில் பழையதைத் திறந்தார். பதினான்கு வருடச் சிநேகிதன் என்ன பேசுவான் என்று ஆசையோடு காதைக் கொடுத்தார். குரல் ஆங்கிலத்தில் "வெறுமை" என்றது. அடுத்த பெட்டிக்குப் போனார். "வெறுமை." அடுத்தது. "வெறுமை." அந்தச் சாம்பல் பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று குரலுக்கும் தெரியவில்லை. "இவன் என்னோட இவ்வளவு காலமும் ஒரு வார்த்த கதைச்சதில்ல, பாத்தீங்களா" என்றார் நௌபர்.

பிறகு வெப்பைத் திறந்தார். எண்ணிக்கை, நாற்பது என்றது குரல். ஒரு தாவல். உதவி, பொத்தான் என்றது. இன்னொரு தாவல். அலகு, மீற்றர். கீழம்பு. கிலோ. கீழம்பு. சுருள்.

"கேள்விக்குறியச் சொல்லுது! பஸ்மியா, கேள்விக்குறியையும் சொல்லுது!" நௌபர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். புதுச் சாமான் ஒன்றின் இலக்கத்தை அடித்துக் கேட்டார். அதன் பெயர், அளவு, எந்தப் படகு எஞ்சினுக்குப் பொருந்தும் என்ற விபரம் எல்லாவற்றையும் அந்தக் குரல் வாசித்தது. ஐந்து வருடத்தில் யாரையும் கேட்காமல் அவர் தானாக அறிந்துகொண்ட முதல் இலக்கம் அது. அன்று அவர் சாப்பிடவேயில்லை. இன்ஷிரா கட்டிக்கொடுத்த சோறு அப்படியே மூதூருக்குத் திரும்பிப் போய், வீட்டில் வேறொரு வழக்கானது.

பஸ்மியாதான் அதில் இருந்த ஆபத்தைச் சொன்னார். "பழசெண்டா ஒருத்தருக்கும் தெரியாது நானா. இந்தக் குரல் வந்தா உங்கட கண் விசயம் எல்லாருக்கும் தெரிய வரும். கொழும்புக்கும் தெரிய வரும். அவங்க என்ன செய்வாங்களோ தெரியாது."

மூன்றாம் நாள் காலை நௌபர் பையை வைத்துவிட்டு, முதல் வேலையாக இதைச் சொன்னார். "ஒளிஞ்சிரிக்கிறதுக்கு ஒரு புறோகிறாம் இரிக்கு. வேல செய்யிறதுக்கு ஒரு புறோகிறாம் இரிக்கு. எனக்கு வேல செய்யணும்."

அதன்பிறகு மத்தியானங்களில் கதவைச் சாத்திப் பழகினார். குரலின் வேகத்தை ஒவ்வொரு நாளும் கூட்டினார். மூன்றாம் கிழமை நடுப்பகுதியில் அது மனிதப் பேச்சாகவே இல்லை, கொதிக்கிற எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம். நௌபருக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒரு நாள் கதவைத் திறந்த கோணாமலை, "என்ன தம்பி, கொம்பியூட்டருக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?" என்றார். நௌபர் அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்து, "இனி என்ட சீட்டுல சந்தேகம் வந்தாக் கேளுங்க அண்ணன். கேக்காம இரிக்கிறது எனக்கு மரியாதை இல்ல" என்றார். "கேக்கிறன்" என்றார் கோணாமலை. அன்று பின்னேரமே ஒரு சீட்டோடு வந்து, "தம்பி, இது ஆறோ அறுபதோ?" என்று கேட்கவும் செய்தார். ஆறுதான்.

கடைசி வியாழக்கிழமை கொழும்பிலிருந்து யசோதரா வந்தார். மென்பொருளுக்குப் பொறுப்பான அதிகாரி, கண்டிப்பானவர் என்று பெயர். வந்தவுடன், குடிக்கக் கொடுத்த பிளேன்ரீயைக்கூடத் தொடாமல் கொப்பியைக் கேட்டார். பக்கம் பக்கமாக வாசித்தார். லைன் பதினொரு தடவை போயிருக்கிறது, நேரத்தோடு எழுதியிருக்கிறது. கயிற்றுக் கதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறது, யாருடைய பிழை என்பதும் எழுதியிருக்கிறது.

"இதைப் பாத்தாப் பழசுக்கு எண்டுதானே தீர்ப்பு, மிஸ்டர் நௌபர்? உங்களைப்பற்றிக் கேள்விப்பட்டனான். நீங்கள் அதை விடமாட்டியளாமே."

"வெப்புக்கு, மிஸ்" என்றார் நௌபர். பக்கத்து மேசையில் பஸ்மியாவின் முத்திரை குத்தும் சத்தம் நின்றது.

யசோதரா கண்ணாடியைக் கழற்றினார். "பதினொரு தரம் லைன் போனதெண்டு நீங்கள்தானே எழுதுவிச்சது?"

"ஓம். அது உண்மை. அதுக்கு இன்னொரு கம்பனிட லைன் ஒண்டு சேத்துப் போடணும். ஒண்டு போனா மத்தது. புதுசா ஏதாவது பொத்தான் வெக்கிறதெண்டா முதல் நாளே எங்களுக்கு அறிவிக்கணும். இந்த ரெண்டும் எழுதித் தந்தா நான் கையெழுத்து வெப்பன்."

"சரி, அது நியாயம். ஆனா உங்கட காரணம் என்ன? பழையதில ஒன்பது செக்கனில சீட்டுப் போடுற ஆள் நீங்கள்."

நௌபர் வாயைத் திறப்பதற்குள் கவுண்டரில் ஒருவர் வந்து நின்றார். வழக்கமாக வரும் நிலாவெளிப் படகுக்காரர், கையில் எண்ணெய் படிந்த பழைய பில்டர் ஒன்று. எஞ்சினை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த அவசரம் குரலில் தெரிந்தது. "நானா, இது புது மொடலாம், உங்களிட்ட இருக்கோ?"

"இலக்கத்த வாயால சொல்லுங்க தம்பி."

நௌபர் ஒலியைக் கூட்டினார். இவ்வளவு நாளும் சாத்திய கதவுக்குள் இருந்த குரல் அறை முழுவதும் கேட்டது. படகுக்காரர் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, நௌபரின் விரல்கள் போக, அந்த வேகக் குரல் விரலுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு தடவை நிறுத்தி, "கடைசி எண் நாலா, ஒம்பதா? நாலெண்டா அது உங்கட எஞ்சினுக்குச் சரிவராது" என்றார். படகுக்காரர் பில்டரைத் துடைத்துப் பார்த்தார். "ஒன்பதுதான் நானா." அச்சுப்பொறி கறகறத்தது. கோணாமலை சீட்டை வாங்கி ஒரு தரம் வாசித்துவிட்டு உள்ளே நடந்தார்.

யசோதரா திரையைப் பார்த்தார், நௌபரின் முகத்தைப் பார்த்தார், அது தன் காதுப் பக்கம் திரும்பியிருப்பதைப் பார்த்தார். அவருடைய குரல் தாழ்ந்தது. "நௌபர்... உங்களுக்குத் திரை தெரியுறதில்லையா?"

வாசலில் இன்னும் இரண்டு பேர் சீட்டோடு வந்து நின்றார்கள். நௌபர் கையை நீட்டி, விரல்களால் திரையின் கீழ்விளிம்பைத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்தார். அதை அழுத்தித் திரையை அணைத்தார். பிறகு இரண்டு கையையும் விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, "அடுத்த ஆள் சொல்லுங்க" என்றார்.